மலையிலிருந்து கோவளம்: கடலையும் காற்றையும் முன்கூட்டியே படிப்பது எப்படி?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்துகொண்டு சர்ஃபிங் கற்றுக்கொள்ளக் கோவளம் போக நினைப்பவரை முதலில் குழப்புவது தேதிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸில் வார இறுதிக்கு இடம் வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். ஆனால் கடல் எப்படி இருக்கும் என்பது நாலைந்து நாளைக்கு முன்னால்தான் ஓரளவு புலப்படும். காற்றின் போக்கை நம்பிச் சொல்ல முந்தின நாள் ஆகிவிடும். எனவே போகலாமா வேண்டாமா என்பதை ஒரே மூச்சில் முடிவு செய்ய முடியாது. மாதத்தை டிக்கெட் போடும்போது பார்க்க வேண்டும், அலையை அந்த வாரத்தில், காற்றை முந்தின மாலையில். மிச்சத்தைக் கரையில் நின்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன எச்சரிக்கை. கோவளம் என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒன்று, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் ஒன்று. இங்கே பேசுவது கடைசியாகச் சொன்னதைப் பற்றி: சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற கடற்கரையும், சர்ஃபிங் பள்ளிகளும் உள்ள மீனவர் ஊர். வானிலை ஆப்பில் பெயரை மட்டும் தட்டினால் கேரளத்துக் கோவளம் வந்து நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. வரைபடத்தில் புள்ளி 12.8 வடக்கு, 80.25 கிழக்கு என்ற இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அட்சம் 8.4 என்று காட்டினால் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அரபிக் கடலை.

மாதம்: மழை எந்தச் சரிவில்?

இந்த விஷயத்தில் நீலகிரிக்காரர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி என்று மேற்குச் சரிவில்தான் மழை கொட்டும். 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான 24 மணி நேரக் கணக்கில் அவலாஞ்சியில் மட்டும் 82 சென்டிமீட்டர். அதே நாட்களில் கோத்தகிரிப் பக்கம் மழை ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் வரை கதை திரும்பிவிடும்; குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் நனையும். 2009 நவம்பரில் பெரும் நிலச்சரிவுகள் நடந்ததும் இந்தக் கிழக்குப் பகுதியில்தான்.

மலைச்சரிவை நனைக்கும் அதே காற்றுதான் கடலையும் கலக்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலைத் தாண்டி நேரே கேரளக் கரையில் மோதுவதால், ஜூன், ஜூலையில் கோழிக்கோடு பக்கத்துக் கடல் புதியவர் கால் வைக்கத் தகாதது. அதே காற்று மலையைத் தாண்டித் தமிழகச் சமவெளியைக் கடந்து கோவளம் சேரும்போது, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் சூடான வறண்ட காற்றாக மாறியிருக்கும். தேவாலாவில் அடைமழை பெய்கிற காலையில் கோவளத்தில் கடல் வழவழவென்று கிடப்பது இதனால்தான். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே தலைகீழ்: வங்கக் கடலின் காற்று கோவளத்தின் முகத்தில் நேரே அடிக்கும், தண்ணீர் செம்மண் நிறத்துக்குக் கலங்கும், கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி இழுக்கும், தாழ்வு மண்டலம் வந்தால் அலை 2 மீட்டரைத் தாண்டும்.

ஆக, மழை நம் மலையின் எந்தச் சரிவில் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கடலைத் தேர்ந்தெடுப்பது நல்ல தொடக்கம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு நாடுகாணி வழியாக நிலம்பூர் இறங்கிக் கோழிக்கோடு போவது பக்கம்தான்; ஆனால் அது டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வேலை.

கோவளத்துக்கு என்றால் பிப்ரவரி, மார்ச்சில் அலை சின்னது. சில நாட்களில் போர்டைத் தள்ளக்கூட அலை இருக்காது. முதன்முதலாகத் தண்ணீரில் இறங்குபவருக்கு அது குறையே இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் தெற்கிலிருந்து அலை வரத் தொடங்கும், கூடவே மதியக் காற்றும் பலமாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை தொடர்ந்து வரும், காலைகள் சுத்தமாக இருக்கும். பக்கத்து மாமல்லபுரத்தில் 2023-இன் சர்வதேசப் போட்டியையும் 2025-இன் ஆசிய சாம்பியன்ஷிப்பையும் ஆகஸ்டில் வைத்ததற்குக் காரணம் அந்தக் காலத்து அலைதான். போட்டிக்கு ஏற்ற அலை புதியவருக்கு ஏற்ற அலை ஆகாது என்பதால், இந்த மாதங்களில் சின்ன நாளாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தோடு சீசன் முடிந்து, ஜூனில் கை ஓயும் ஊட்டி ஓட்டல், டாக்சிக்காரர்களுக்கு இந்தக் காலம் வசதியாகவும் அமையும். அக்டோபர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை கோவளத்தை மறந்துவிடுவதே நல்லது.

அலை: உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சரிவு விதி மாதத்தைச் சொல்லும், நாளைச் சொல்லாது. காரணம், கரைக்கு வரும் அலையில் இரண்டு வகை கலந்திருக்கிறது. பக்கத்துக் கடலில் அடிக்கும் காற்று எழுப்புவது ஒன்று. குட்டையாக, நெருக்கமாக, முன்னும் பின்னும் ஒழுங்கில்லாமல் வரும். இன்னொன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கோ அடித்த புயற்காற்று எழுப்பி அனுப்பியது. ஆப்பில் இதை ஸ்வெல் என்று போட்டிருப்பார்கள். இது நம் ஊர் வானத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ஆப்பில் அலைக்கு மூன்று எண்கள் இருக்கும்: உயரம், இடைவெளி, திசை. புதியவர் உயரத்தை மட்டும் படிப்பார். கூர்ந்து பார்க்க வேண்டியது இடைவெளியை, அதாவது ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை வினாடி ஆகிறது என்பதை.

ஆழ்கடலில் அலையின் நீளம், இடைவெளியின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 8 வினாடி அலை 100 மீட்டர் நீளம். 14 வினாடி அலை 300 மீட்டருக்கும் மேல். நீளத்தில் பாதி ஆழம் வந்ததுமே அலை தரையை உணரத் தொடங்கும். அப்போது அதன் வேகம் குறையும். பின்னாலிருந்து வரும் ஆற்றல் நெருக்குவதால் உயரம் கூடும். நீண்ட இடைவெளி அலை இப்படிக் கரையருகில் அதிகமாக எழும்பும். ஆழ்கடலில் இரண்டுமே 1 மீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 6 வினாடி அலை உடையும்போது தோராயமாக 1.25 மீட்டர் இருக்கும், 14 வினாடி அலை 1.75 மீட்டரை எட்டும். அரை மீட்டர்தானே என்று அலட்சியப்படுத்தும் 15 வினாடி அலை கரையில் 1 மீட்டராக நிமிரும். ஆப்பில் தெரியும் உயரம் இந்தக் கடைசி எழுச்சிக்கு முந்தையது.

அந்த உயரமும் சராசரிக் கணக்குதான். வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைப் போடுவார்கள். அப்படியானால் அதைவிடப் பெரியவையும் வரும். நீண்ட நேரத்தில் ஒன்றிரண்டு, போட்ட எண்ணைப்போல் இரண்டு மடங்குக்குக் கிட்டேகூட வரலாம். 0.7 என்று படித்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவர், 1.2 மீட்டர் அலை ஒன்று வந்தால் என்ன செய்வோம் என்று யோசித்து வைத்திருக்க வேண்டும்.

புதியவருக்கு 0.7 மீட்டரை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ஏன்? அலை தன் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமான ஆழத்தில் உடையும். ஆழத்தில் ஏறத்தாழ எண்பது சதவீதம் உயரம் வந்ததும் கவிழும். 0.6 மீட்டர் அலை முக்கால் மீட்டர் ஆழத்தில், அதாவது தொடையளவுத் தண்ணீரில் உடையும். கால் தரையில் ஊன்றியிருக்கும், விழுந்தால் எழுந்து நிற்கலாம். 1.2 மீட்டர் அலை உடையும் இடம் ஒன்றரை மீட்டர் ஆழம். சராசரி உயரமுள்ளவருக்குக் கழுத்துக்கு வந்துவிடும். நின்று கற்கும் பாடம் அங்கே நீந்திக் கற்கும் பாடமாகிவிடுகிறது.

இடைவெளிக்குத் தோராயமான அளவுகோல் இது. 5 வினாடிக்குக் கீழே என்றால் அருகிலுள்ள காற்று கிளப்பிய குழப்பம். ஆபத்து குறைவாக இருந்தாலும், ஒரு அலையில் எழுவதற்குள் அடுத்தது வந்து தட்டிவிடும் என்பதால் எதையும் கற்க முடியாது. 7 முதல் 10 வினாடி புதியவருக்கு மிகவும் பொருந்தும். 12-ஐத் தாண்டினால் உயரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பயிற்சியாளரைக் கேட்காமல் இறங்காதீர்கள். 15-ஐத் தாண்டினால் முதல் பாடத்துக்கு அது நாள் இல்லை.

நீண்ட அலைகள் கூட்டமாக வரும். நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் கடல் சும்மா கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்து இறங்கியவர் மீது அடுத்த கூட்டம் வந்து விழும். கேரளத்திலும் குமரிக் கரையிலும் கள்ளக்கடல் என்று எச்சரிக்கை விடுவது இப்படி வரும் அலைக்குத்தான். தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த 15 வினாடி அலைக்கூட்டம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நகரும். 40 டிகிரி தெற்கிலிருந்து குமரி முனைக்கு 5,000 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேல். ஐந்து நாளில் வந்துவிடும். வந்து சேரும்போது உள்ளூரில் மழை இருக்காது, காற்று இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது, இந்த எச்சரிக்கை அமலில் இருந்த நேரத்தில்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஐந்து நாள் பயணம் என்பதால் நீண்ட அலையை ஐந்து நாள் முன்பே கணிக்க முடிகிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், கரையோர மாவட்டங்களுக்கு அலை உயரம், இடைவெளி, எச்சரிக்கை எல்லாவற்றையும் வெளியிடுகிறது. வெளிநாட்டு ஆப் எது சொன்னாலும், இன்காய்ஸ் எச்சரிக்கை இருக்கும் நாளில் இறங்குவதில்லை என்று வைத்துக்கொள்வது எளிய விதி.

மூன்றாவது எண்ணான திசையைக் கோவளத்தில் இலங்கையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நேர் தெற்கிலிருந்து, அதாவது 180 டிகிரியிலிருந்து வரும் அலையை இலங்கை பெரிதும் மறைத்துவிடும். அதன் கிழக்குக் கரையை ஒட்டி நழுவி வரும் 160 டிகிரிக்கும் குறைந்த தென்கிழக்கு அலை தடையில்லாமல் வந்து சேரும். ஆகவே ஒரே உயரம், ஒரே இடைவெளி இருந்தாலும் 150 என்று போட்ட நாளில் 180 என்று போட்ட நாளைவிடக் கடல் பெரிதாக இருக்கும். 60, 70 டிகிரி என்றால் வங்கக் கடல் காற்று நேரே தள்ளிக்கொண்டு வந்த அலை. பெரும்பாலும் கலங்கலாகவே இருக்கும்.

காற்று: காலையை நம்பலாம், மதியத்தை நம்ப முடியாது

அலை கணிப்பு நாலைந்து நாள் தாங்கும். காற்று அப்படித் தாங்காது. கரையோரத்தில் காற்றை முடிவு செய்வது அன்றைய வெயில்தான்.

மதியத்துக்குமேல் பர்லியார் பள்ளத்திலிருந்து குன்னூர் நோக்கி மூட்டம் ஏறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலே கிளம்ப, பள்ளத்துக் காற்று அந்த இடத்தை நிரப்ப ஏறுகிறது. இரவில் இது திரும்பும். குளிர்ந்த கனமான காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தங்குவதால்தான் ஜனவரியில் தலைக்குந்தாவில் புல் வெள்ளையாக உறைகிறது. கடற்கரையில் சரிவுக்குப் பதில் நிலம், பள்ளத்துக்குப் பதில் கடல். பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். இரவு நிலம் ஆறியதும் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று போகும்.

கோவளத்தில் அதிகாலையிலிருந்து ஒன்பது, பத்து மணி வரை பெரும்பாலும் நிலக்காற்று, மேற்கிலிருந்து. இது எதிரே வரும் அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்தி, தாமதமாக உடைய வைக்கும். நுரை சீராக உருளும். பத்து மணியிலிருந்து நண்பகலுக்குள் காற்று திரும்பித் தென்கிழக்காகும். இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் உச்சம். அப்போது அலையின் முதுகில் காற்று அடித்து முகட்டைக் கலைத்துவிடும், எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தலைகள் தெரியும். மே முதல் ஜூலை வரை மேலைக்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று ஒரு மணிக்கும் மேல்கூடத் தாமதமாகும். வெக்கை வாட்டி எடுக்கும், ஆனால் கடல் சுத்தமாகவே நீடிக்கும்.

எண்ணைப் படிக்கும்போது முதலில் அலகைப் பாருங்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். வினாடிக்கு ஒரு மீட்டர் என்றால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். ஆப் 10 என்று காட்டினால், கிலோமீட்டர் கணக்கில் அது இளங்காற்று; மீட்டர்-வினாடிக் கணக்கில் 36 கிலோமீட்டர் வேகம், வகுப்பை ரத்து செய்யும் காற்று. நேரமும் அப்படித்தான். சில பக்கங்கள் கிரீன்விச் நேரத்தில் காட்டும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாவிட்டால் மதியக் காற்றைக் காலைக் காற்று என்று படித்துவிடுவீர்கள். காற்றின் திசை எப்போதும் அது கிளம்பும் திசை: 270 என்றால் மேற்கிலிருந்து வருவது, கோவளத்தில் கடலை நோக்கிப் போவது. ஆனால் ஆப்பில் உள்ள அம்புக்குறி பெரும்பாலும் காற்று போகும் பக்கத்தைக் காட்டும். சந்தேகம் வந்தால் அம்பை விட்டு எழுத்தை நம்புங்கள்.

5 நாட்டுக்குக் கீழே என்றால் கடல் கண்ணாடி. 10 வரை கற்கலாம். 10 முதல் 15 வரை பயிற்சியாளரோடு மட்டும். அதற்கு மேல் வேண்டாம். காற்றின் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 20 நாட் காற்று 10 நாட் காற்றைப்போல் நான்கு மடங்கு தள்ளும். சராசரிக்குப் பக்கத்தில் வீச்சு வேகம், அதாவது நடுநடுவே திடீரென்று அடிக்கும் காற்றின் வேகம் என்று இன்னொரு எண் இருக்கும்; சராசரி 8, வீச்சு 18 என்று பெரிய இடைவெளி தெரிந்தால் இடிமழை மேகம் பக்கத்தில் இருக்கலாம். முடிவு எடுக்க அந்தப் பெரிய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் உடம்பில் உறைக்கவில்லை என்றால் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தைப் பாருங்கள். இலை மட்டும் சலசலத்தால் 4 முதல் 6 நாட். இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 7 முதல் 10. சின்னக் கிளைகள் ஆடினால் 11 முதல் 16. இளமரம் முழுதாக அசைந்தால் 17-க்கு மேல். கோவளத்தில் இதே வேலையைக் கொடிக்கம்பம் செய்யும்.

நிலக்காற்றைப் புகழ்ந்துவிட்டு அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. கடலை அழகாக்கும் அதே காற்றுதான் போர்டில் படுத்திருப்பவரைக் கடலுக்குள் தள்ளும். புதியவர்களுக்குத் தரும் எட்டு, ஒன்பது அடி ஃபோம் போர்டு அகலமானது, மிதப்பது. காற்றுக்கு நன்றாகவே பிடி கொடுக்கும். கரையோரம் கட்டடங்களின் மறைவில் காற்றே இல்லாததுபோல் தோன்றும், ஐம்பது மீட்டர் உள்ளே போனதும் முதுகில் உறைக்கும். அலை சின்னதாக, மேற்குக் காற்று 12 நாட்டுக்கு மேல் இருக்கும் காலையில் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டாதீர்கள்.

இதில் நம்மூர்ப் பயணத் திட்டம் ஒன்று உதைக்கிறது. நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் சென்ட்ரலில் இறக்கிவிட்டு, அங்கிருந்து கோவளம் போய்ச் சேர்வதற்குள் எட்டைத் தாண்டிவிடும். உடை மாற்றிப் பாடம் தொடங்கும்போது நல்ல காற்று முடியும் தறுவாயில் இருக்கும், உடம்பும் தூக்கமில்லாமல் இருக்கும். சனிக்கிழமையைக் கடலைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை ஆறு மணிக்கு இறங்கி, அன்றிரவே ரயில் ஏறுவது உருப்படியான ஏற்பாடு.

ஓதம்

ஓதம் என்பது கடல் மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவது. கோவளத்தில் அந்த ஏற்ற இறக்கம் அமாவாசை, பௌர்ணமிப் பக்கத்தில்கூட ஏறத்தாழ 1 மீட்டர்தான். இதற்காகப் பயணத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு உயர் ஓதம், இரண்டு தாழ் ஓதம், ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் பிந்தும். உயர் ஓதத்தில் தண்ணீர் கரையின் செங்குத்தான மணல் சரிவுவரை ஏறுவதால் அலை கரையிலேயே தொப்பென்று விழும். போர்டும் கழுத்தும் அடிபடுவது அங்கேதான். பாதி ஓதத்தில் மணல்திட்டில் அலை உடைந்து, நுரை நீண்ட தூரம் உருளும். அதுதான் கற்க வசதி.

கரையில் இருபது நிமிடம்

ஆப்பில் எல்லாம் சரியாக இருந்தாலும் தண்ணீரில் இறங்குமுன் இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நீண்ட அலைக்கூட்டம் ஒன்றாவது வந்து போக அவ்வளவு நேரம் வேண்டும். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, ஏதாவது ஒரு மிதவையையோ பாறையையோ முகடுகள் கடப்பதை எண்ணுங்கள். முதல் முகட்டிலிருந்து பதினோராவது முகடு வரை ஆன நேரத்தைப் பத்தால் வகுத்தால் இடைவெளி. ஆப் 8 என்று சொல்லியிருக்க, இங்கே 13 வந்தால் ஆப்பை மறந்துவிடுங்கள்.

அடுத்து, அலை உடையாத இடத்தைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் நுரை இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து, அமைதியாக, மேற்பரப்பு சிலிர்த்துக்கொண்டு, மணலும் நுரையும் கடல் நோக்கிப் போவதுபோல் தெரிந்தால் அது ரிப் கரண்ட். அலை கரைக்குக் கொண்டுவந்து குவித்த தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை; அந்த அமைதியைப் பார்த்துத்தான் நீச்சல் தெரியாதவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கல் கொட்டிய தடுப்புச் சுவர்களின் ஓரத்தில் இது அடிக்கடி இருக்கும். வேகம் சாதாரணமாக வினாடிக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர், சில நேரம் இரண்டைத் தாண்டும். நல்ல நீச்சல்காரரும் எதிர்த்து ஜெயிக்க முடியாது. மாட்டிக்கொண்டால் போர்டை விடாதீர்கள், அதுதான் மிதவை. மேலே படுத்துக் கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துடுப்பிட்டு, நுரை இருக்கும் இடம் வந்ததும் அதோடு கரை சேருங்கள்.

கரையோர நீரோட்டம் சத்தமில்லாமல் நகர்த்தும். இறங்குமுன் கரையில் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருட்களை, ஒரு படகும் அதற்குப் பின்னால் ஒரு தென்னையும் என்பதுபோல், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து பார்க்கும்போது அவை விலகித் தெரிந்தால் நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள். வெளியே வந்து நடந்து திரும்புங்கள். நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்பிட்டுக் கையைச் சோர்வடையச் செய்ய வேண்டாம்.

படகுகள் கடலுக்குப் போயிருக்கின்றனவா என்று பார்ப்பதும் நல்ல அறிகுறி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான். கோவளம் போன்ற ஊர்களின் ஃபைபர் படகுகள் அப்போதும் போகும். தடையும் இல்லை, பண்டிகையும் இல்லை, ஆனாலும் எல்லாப் படகும் மணலில் கிடக்கிறது என்றால் காரணத்தை அவர்களிடமே கேளுங்கள். கடல் மோசம் என்று ஒரு மீனவர் சொன்ன பிறகு ஆப்பைத் திறந்து காட்டி வாதாடுவது அழகில்லை.

தண்ணீரில் போர்டை எப்போதும் உங்கள் பக்கவாட்டில் பிடியுங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் குறுக்காக வைத்தால் அலை அதை முகத்தில் அடிக்கும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக, முதுகாலோ பிட்டத்தாலோ விழுந்து, எழும்போது கைகளால் தலையை மூடிக்கொண்டு எழுங்கள். போர்டு, அதைக் காலோடு கட்டியிருக்கும் லீஷ் கயிற்றின் இழுப்பில் திரும்பி வரும். இடி கேட்டால் வெளியே. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி. கோடை மாலைகளில் மேலைக்காற்றும் கடற்காற்றும் மோதும் கோட்டில் இடிமேகம் திரளும் என்பதால் இது அடிக்கடி நேரும்.

மூன்று மாதிரிகள்

இவை வெறும் உதாரண எண்கள். படித்துப் பழக மட்டும்.

ஜூலை ஞாயிறு, காலை 6 மணி: அலை 0.6 மீட்டர், 8 வினாடி, 150 டிகிரி. காற்று 270 டிகிரியிலிருந்து 5 நாட், வீச்சு 8. பகல் 1 மணிக்குக் காற்று 140 டிகிரியிலிருந்து 14, வீச்சு 19. காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை தாராளமாக இறங்கலாம். மதியம் வேண்டாம். 150 என்பதால் எண்ணில் தெரியும் உயரம் அப்படியே வந்து சேரும். உடையும்போது முக்கால் மீட்டரைத் தாண்டியிருக்கும்.

மே மாதம், காலை: அலை 0.5 மீட்டர், 16 வினாடி, 165 டிகிரி. காற்று 3 நாட். முதல் மாதிரியைவிட உயரம் குறைவு, காற்றும் இல்லை. புதியவர் இதைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பார். 16-ஐப் பார்த்ததும் தள்ளிவைக்க வேண்டிய நாள் இது. இன்காய்ஸ் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் முதல் பாடத்தை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

அக்டோபர் கடைசி: அலை 1.1 மீட்டர், 5 வினாடி, 70 டிகிரி. காற்று 50 டிகிரியிலிருந்து 14 நாட். கோத்தகிரியில் அன்று மழை பெய்துகொண்டிருக்கும். டிக்கெட்டை ரத்து செய்யலாம்.

கணிப்பு நடுவாந்தரமாக இருந்தால் இரண்டு கணிப்பு முறைகளை ஒப்பிடுங்கள். விண்டி ஆப்பில் அமெரிக்க ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய இசிஎம்டபிள்யூஎஃப் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டுக்கும் காற்றில் 5 நாட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெரியதை வைத்து முடிவெடுங்கள். இரண்டுமே சுமார் பத்துக் கிலோமீட்டரோ அதற்கு மேலோ அளவுள்ள கட்டங்களில் கணக்கிடுபவை என்பதால், கரையை ஒட்டிய கடற்காற்று எப்போது திரும்பும் என்பதை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின்னாகத்தான் சொல்லும்.

அந்த இடைவெளியை நிரப்ப, முந்தின மாலை சர்ஃபிங் பள்ளிக்குப் போன் செய்யுங்கள். நாளை நல்லா இருக்குமா என்று கேட்டால் நல்லா இருக்கும் என்றுதான் பதில் வரும். இன்று காலை அலை எந்த ஆழத்தில் உடைந்தது, காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது, இன்று முதல் தடவை வந்தவர்களைத் தண்ணீரில் இறக்கினீர்களா என்று கேளுங்கள்.